இருபது லட்சமும் எண்பது காணியும்

கடலூர் மாவட்டத்துக்கு வந்த பெருங்கொடைகளும், அவற்றைக் கேட்டு வாங்கிக் காக்க வேண்டியவர்களின் வேலையும்

சிதம்பரம் ரயிலடிக்குக் கிழக்கே தண்டவாளத்தைத் தாண்டினால் அண்ணாமலை நகர் தொடங்கிவிடும். ஒரு தனிமனிதரின் கொடையால் எழுந்த இடம் அது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கொடை எவ்வளவு, எந்த ஏற்பாட்டின் பேரில் வந்தது, அந்த ஏற்பாடு பிற்காலத்தில் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதெல்லாம் பேச்சில் அதிகம் வருவதில்லை.

செட்டிநாட்டு அண்ணாமலை செட்டியார் 1920-ல் இங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அடுத்து தமிழுக்கும் வடமொழிக்கும் தனித்தனிக் கல்லூரிகள் வந்தன. தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தவர் உ.வே.சாமிநாதையர். பிறகு இந்தக் கல்லூரிகள் அத்தனையையும், கூடவே 20 லட்சம் ரூபாயையும் பல்கலைக்கழகத்துக்காகச் செட்டியார் எழுதிக் கொடுத்தார். 1928-ல் சென்னை மாகாணச் சட்டமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 1929 ஜனவரி 1-ம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

20 லட்சம் என்றால் இன்றைக்கு நகரத்தில் ஒரு மனைகூட வராது. அன்றைய கணக்கே வேறு. ஒரு தங்கப் பவுனுக்கு அரசு வைத்த விலை அப்போது 13 ரூபாய் சில்லறை. அந்தக் கணக்கில் அது ஒன்றரை லட்சம் பவுன். ஒரே மனிதர், ஒரே நோக்கம், ஒன்றரை லட்சம் பவுன்! தென்னாட்டில் கல்விக்காக ஒரு கையிலிருந்து வந்த கொடைகளில் அதற்கு ஈடு சொல்ல அதிகமில்லை.

இன்று தொண்டு நிறுவனங்களில் ‘மேஜர் கிஃப்ட்’ என்று தனியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். ஆயிரம் பேரிடம் நூறு நூறாகச் சேர்ப்பது ஒரு வேலை. பத்துப் பேரிடம் பெரிய தொகையாகக் கேட்டு வாங்குவது இன்னொரு வேலை. இரண்டாவதற்கென்று தனியாக ஆள் வைக்கிறார்கள்; பெருநகரங்களில் அதற்கு நல்ல சம்பளமும் உண்டு. அந்தப் பொறுப்பில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், “பெரிய மனுஷங்களைப் பார்த்துப் பணம் வாங்கிட்டு வர்றவர்” என்றுதான் நம் பக்கத்தில் பதில் வரும். அவர் செய்ய வேண்டிய வேலை பணம் கைக்கு வருமுன்பே தொடங்கி, கொடுத்தவர் மறைந்த பிறகும் தொடரக்கூடியது. அதைக் கற்றுக்கொள்ள வெளியூர் போக வேண்டியதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு நாள் சுற்றி வந்தாலே போதும்.

கொடையோடு வந்த நிபந்தனை

அண்ணாமலை செட்டியார் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு விலகிவிடவில்லை. நிறுவனர் என்ற தகுதியில் அவரே இணைவேந்தர். அவருக்குப் பின் அவர் வாரிசு. துணைவேந்தர் நியமனத்திலும் நிறுவனர் குடும்பத்தின் கைதான் ஓங்கியிருந்தது. இவையெல்லாம் 1928-ம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டவை. ஒளிவு மறைவு கிடையாது. தன் சொத்தில் இவ்வளவு பெரிய பங்கைக் கொடுப்பவர் அது சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி வைத்துக்கொள்ள நினைப்பது இயல்பு. அந்த நாளில் அரசாங்கம் இதற்குச் சம்மதித்ததிலும் எனக்குக் குறை தெரியவில்லை. காவிரி டெல்டாவிலும் தென்னார்க்காட்டிலும் எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரிகள் இந்த வளாகத்திலிருந்துதான் வெளியே வந்தார்கள். தமிழிசை இயக்கத்துக்கு இங்கிருந்துதான் வலு கிடைத்தது.

சிக்கல் மெதுவாக வளர்ந்தது. பிடி கைமாறிக் கைமாறி மூன்றாம் தலைமுறைக்கு வந்தது. பணியாளர் எண்ணிக்கை 12 ஆயிரத்தைத் தாண்டியது. 2012 நவம்பரில் நிர்வாகம் நிதி நெருக்கடி என்று அறிவித்துச் சம்பளத்தைக் குறைக்கப் போவதாகச் சொன்னதும் ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013 ஏப்ரலில் அரசு ஒரு நிர்வாகியை நியமித்தது. அதே ஆண்டு சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை அரசின் கைக்குள் கொண்டுவந்தது. மிகுதியாக இருந்த ஊழியர்கள் வேறு துறைகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஊரை விட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு போன குடும்பங்களைச் சிதம்பரம் பார்த்தது.

ஒரு குடும்பத்தின் பெயரோடும் அதிகாரத்தோடும் பிணைந்த இடத்துக்கு இரண்டாவது பெருங்கொடையாளர் எளிதில் வரமாட்டார். “அவங்க இடம், அவங்க பாத்துப்பாங்க” என்றுதான் நினைப்பார். நன்கொடை திரட்டும் பொறுப்பில் இருப்பவர் முதல் பெரிய தொகையை வாங்கும்போதே இதைக் கணக்கில் வைக்க வேண்டும். கொடுப்பவருக்கு மரியாதை வேண்டும்; பெயர்ப்பலகை வேண்டும்; கணக்குக் கேட்கும் உரிமையும் வேண்டும். நிர்வாகத்தின் சாவி மட்டும் அவர் வீட்டுக்குப் போகக்கூடாது. போவதென்றால் எத்தனை ஆண்டுகளுக்கு என்று எல்லை கட்டி எழுத வேண்டும். இதை நேருக்கு நேர் உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் சொல்வதுதான் அந்த வேலையின் கடினமான பகுதி. தொகையை வாயால் சொல்வது அதைவிட எளிது.

பார்வதிபுரத்தார் கொடுத்தது

கடலூரிலிருந்து நெய்வேலிப் பக்கம் போகும் வழியில் வடலூர். மருதூரில் பிறந்து சென்னையில் வளர்ந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், கருங்குழியில் பல ஆண்டுகள் தங்கியிருந்துவிட்டு இங்கே வந்தார். பஞ்சம் தாக்கியிருந்த காலம். பசித்தவர்களுக்குச் சோறு போட ஓர் இடம் வேண்டும் என்று அவர் கேட்டபோது, பார்வதிபுரம் ஊர்க்காரர்கள் பலர் சேர்ந்து 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காணி 1.32 ஏக்கர், ஆக நூறு ஏக்கருக்கு மேல். கொடுத்தவர்களில் ராஜாவோ ஜமீனோ கிடையாது, பயிரிட்டுப் பிழைத்த குடியானவர்கள். 1867 மே 23-ம் தேதி சத்திய தருமச்சாலை தொடங்கியது. 21 அடி நீளமுள்ள அதன் அடுப்பில் அன்று மூட்டிய நெருப்பு இன்னும் எரிகிறது. சோறு இன்னும் போடுகிறார்கள்.

வள்ளலார் நிலத்தைக் கேட்ட முறையை நிதி திரட்டுவோர் ஒவ்வொருவரும் ஊன்றிப் பார்க்க வேண்டும். எதற்காகக் கேட்கிறேன் என்பதை அவர் எழுத்தில் வைத்தார். தருமச்சாலை தொடங்கிய நாளில் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ வாசிக்கப்பட்டது. பசி என்பது என்ன, அதை ஆற்றுவது ஏன் முதல் கடமை என்று விரித்துச் சொல்லும் நூல் அது. இன்று தொண்டு நிறுவனங்கள் பளபளப்பான தாளில் அச்சடிக்கும் வேண்டுகோள் புத்தகம் செய்ய வேண்டிய வேலையை அது நிறைவாகச் செய்தது. கொடுத்தவர் எதற்குக் கொடுத்தோம் என்று தன் பேரனுக்கும் சொல்லும்படி இருந்தது.

பேரர்கள் மறக்கவும் இல்லை. 2024 பிப்ரவரியில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு வடலூர்ப் பெருவெளியில் அரசு அடிக்கல் நாட்டியது. திட்டச் செலவு ஏறக்குறைய 100 கோடி ரூபாய். வேலை தொடங்கிப் பள்ளம் தோண்டியதும் பார்வதிபுரம் மக்கள் திரண்டு வந்து தடுத்தார்கள். ஜோதி தரிசனத்துக்குக் கூட்டம் கூடும் வெட்டவெளியாகவே இது இருக்க வேண்டும், எங்கள் முன்னோர் அதற்காகத்தான் கொடுத்தார்கள் என்பது அவர்கள் வாதம். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மையம் வேண்டும் என்பவர்களும் வள்ளலார் அன்பர்கள்தான். கட்டடம் கூடாது என்பவர்களும் அன்பர்கள்தான். யார் சொல்வது சரி என்பதற்குள் நான் இப்போது போகவில்லை. 157 ஆண்டுகள் கழித்தும் கொடையாளர்களின் வாரிசுகள் வந்து நின்று, “எதுக்குக் கொடுத்தோம்னு கேளுங்க” என்று சொன்னார்களே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். நிலமோ பணமோ கொடுத்தவருக்கும் வாங்கிய நிறுவனத்துக்கும் இடையே உள்ள பேச்சு ரசீதோடு முடிந்துவிடுவதில்லை. அந்தப் பேச்சைத் தொடர்ந்து நடத்த நிறுவனத்துக்குள் ஓர் ஆள் வேண்டும். ஏதாவது கட்டுவதற்கு முன் கொடுத்தவர் வழியினரைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசுவது அந்த ஆளின் வேலை. பேசாமல் விட்டால் பேச்சு தெருவில் நடக்கும். பிறகு கோர்ட்டில் நடக்கும்.

உயில் இருந்தது, ஆள் இல்லை

சிதம்பரத்தில் பச்சையப்பன் பள்ளி இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட காத்திருப்பும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துபாஷாக இருந்து பெருஞ்செல்வம் சேர்த்த பச்சையப்ப முதலியார், 1794 மார்ச்சில் கும்பகோணத்தில் உயில் எழுதினார். சொத்து முழுக்க அறத்துக்கு என்று அதில் இருந்தது. அந்த மாதக் கடைசியிலேயே காலமானார். நடராஜர் மேல் அவருக்கிருந்த ஈடுபாட்டால் சிதம்பரம் கோயிலுக்குச் செய்தவையும் பல.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று? பங்காளிகளும் பொறுப்பாளர்களும் வழக்காடினார்கள். அறத்துக்கென்று ஒதுக்கிய பணம் அறத்துக்குப் போய்ச் சேரவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர்கள் கையில் எடுத்து, குறிப்பாக ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் முனைந்த பிறகுதான் வழி பிறந்தது. பச்சையப்பன் பெயரில் சென்னையில் முதல் பள்ளி திறந்தது 1842 ஜனவரியில். உயில் எழுதி 48 ஆண்டுகள்! நடுவில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பள்ளி இல்லாமலே வளர்ந்து முடிந்திருந்தார்கள்.

கொடுக்க மனமும் சொத்தும் எழுத்தும் இருந்தும், நிறைவேற்றப் பொறுப்பான நிறுவனம் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். இன்றும் பிள்ளையில்லாத முதியவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் தனியாக இருப்பவர்கள், “வீட்டை ஏதாவது நல்ல காரியத்துக்கு எழுதி வெச்சிடலாம்னு இருக்கேன்” என்று சொல்வதைக் கேட்கிறோம். சொன்னவரோடு போய்விடும் ஆசைகள் அவை. எந்த நிறுவனத்துக்கு, எந்தச் சொத்து, நிறைவேற்றுபவர் யார், உயிலைப் பதிவு செய்தாயிற்றா, வாரிசுகளுக்குத் தெரியுமா என்று பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்க ஒருவர் வேண்டும். அவசரப்படுத்தவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. வக்கீலை அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். நிறுவனமே வக்கீலைக் கூட்டிக்கொண்டு போவது நாளைக்கு வழக்கு வந்தால் கெட்ட பெயரைத்தான் தரும்.

கேட்காமல் வந்த பணம்

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை, கிள்ளை எம்ஜிஆர் திட்டு என்று கரையோரம் முழுக்க ஓலம். உலகம் முழுவதிலிருந்தும் பணமும் பொருளும் வந்து குவிந்தன. உடுத்த முடியாத பழந்துணி மூட்டைகள் சாலையோரம் கிடந்து மழையில் ஊறின. வேண்டியது என்ன என்று யாரும் கேட்காமல் அனுப்பியதன் விளைவு அது.

அந்த நேரத்தில் ஓர் உருப்படியான காரியம் நடந்தது. வீடு கட்டிக் கொடுக்க வரும் நிறுவனங்களுக்கு 2005 ஜனவரியிலேயே தமிழக அரசு வரையறை கொடுத்துவிட்டது. வீடு 300 முதல் 325 சதுர அடி, செலவு ஏறக்குறைய ஒன்றரை லட்சம், ஒப்பந்தம் போட்டுக்கொண்டு கட்டு. கொடுக்க வந்தவர்கள் தங்கள் மனம்போனபடி அளந்துகொடுக்காமல், வாங்குகிறவர் அளவுகோலை முன்னே வைத்தார். குறைகள் பின்னால் நிறைய வந்தன. கடலை விட்டு எட்டப் போட்ட குடியிருப்புகளை மீனவர்கள் இன்றும் குறை சொல்கிறார்கள். ஆனாலும் கேட்பவர் முதலில் தன் தேவையைத் தெளிவாகச் சொன்னால் கொடுப்பவர் அதற்குள் வந்து நிற்பார் என்பதை அது காட்டியது.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கரை கடந்தபோது வேறு பாடம். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. உதவி உடனே வந்தது. அரிசி, போர்வை, ரொக்கம். விதையிலிருந்து வளரும் பலா காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும். நிவாரண நிதிகளோ பெரும்பாலும் ஓராண்டுக்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டியவை. மரம் காய்க்கும் காலத்துக்கும் பணம் தீரும் காலத்துக்கும் நடுவே அந்த விவசாயிகள் கடன் வாங்கித்தான் தாண்டினார்கள். பேரிடரின் மறுநாள் கொடுக்க ஆயிரம் பேர் உண்டு. நான்காம் ஆண்டுக்குக் கொடுப்பவரைத்தான் தேடிப் போக வேண்டும். அப்படிப்பட்டவர் கிடைத்தால் அவர்தான் பெருங்கொடையாளர், தொகை எதுவாக இருந்தாலும்.

பஸ்ஸும் டீசலும்

கொடை கேட்கும் பேச்சு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான ஒரு சிறப்புப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர் ஒருவர் வருகிறார். பிள்ளைகளைப் பார்க்கிறார், மனம் இளகுகிறது.

“உங்களுக்கு ஒரு பஸ் வாங்கித் தர்றோம் மேடம். கம்பெனி லோகோ மட்டும் பக்கத்துல போட்டுக்கணும்.”

பழக்கமில்லாதவர் கைகூப்பி நன்றி சொல்லி வாங்கிவிடுவார். ஆறு மாதத்தில் பஸ் பள்ளி வளாகத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். டீசலுக்குப் பணமில்லை, டிரைவருக்குச் சம்பளமில்லை, தகுதிச் சான்றுக்கு (எஃப்சி) வண்டியைக் காட்ட வேண்டிய தேதி தாண்டிவிட்டது. பழக்கப்பட்டவர் இப்படிச் சொல்வார்:

“பஸ் ரொம்ப உபகாரமா இருக்கும் சார். லோகோ தாராளமா போடலாம். டிரைவர் சம்பளம், ஆயா சம்பளம், டீசல், இன்சூரன்ஸ், எஃப்சி எல்லாம் அஞ்சு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னு ஒரு கணக்கு போட்டு வெச்சிருக்கேன். அதையும் சேர்த்து ஒரு தடவை பாத்துடுங்க. பஸ் விலையைவிட அதுதான் அதிகம்.”

சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அந்த மௌனத்தில் பலர் பயந்துபோய், “இல்லன்னா பரவாயில்ல சார்” என்று தாங்களாகவே தொகையைக் குறைத்துவிடுவார்கள். நம் ஊரில் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று வளர்க்கப்பட்ட பழக்கம் அது. தனக்காகக் கேட்டால் கூச்சப்படலாம். பேச வராத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்காகக் கேட்பதில் கூச்சத்துக்கு என்ன இடம்? இந்தத் துறையில் நல்ல பெயர் எடுத்தவர்களை நான் கவனித்த அளவில், அவர்கள் வாய்ச்சாலகர்கள் கிடையாது. கொடையாளரின் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவார்கள். பணம் கேட்காத நாளில் போன் செய்வார்கள். “போன வருஷம் நீங்க குடுத்ததுல இந்த வேலை நடக்கலை சார், காரணம் இது” என்று தாங்களாக முன்வந்து சொல்வார்கள். அந்தக் கடைசி வாக்கியம் வாங்கித் தரும் நம்பிக்கையை எந்த ஆண்டு மலரும் வாங்கித் தராது.

சட்டமும் இப்போது நெருக்கிப் பிடித்திருக்கிறது. நிறுவனச் சட்டம் 2013-ன் 135-ம் பிரிவின்படி, 500 கோடி நிகர மதிப்போ 1000 கோடி விற்றுவரவோ 5 கோடி லாபமோ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நெய்வேலி என்எல்சியும் கடலூர் சிப்காட் ஆலைகளும் பக்கத்திலேயே இருப்பதால் இந்த மாவட்டத்தில் எல்லா நிறுவனங்களின் கண்ணும் ‘சிஎஸ்ஆர்’ பக்கம்தான். வெளிநாட்டுப் பணத்துக்கான எஃப்சிஆர்ஏ சட்டம் 2020-ல் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆக இறங்கியது. ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குப் பகிர்ந்து கொடுப்பதும் நின்றது. பெரிய நிறுவனங்களின் கைவழியாக வாழ்ந்த சின்னச் சின்ன கடலோர அமைப்புகளுக்கு அது பலத்த அடி. தனிநபர் கொடைக்கு வருமான வரிச் சலுகை இருக்கிறது. புதிய வருமான வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வரிக்காகக் கொடுத்தவர்கள் குறைவார்கள். மனதுக்காகக் கொடுப்பவர்களைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஹார்வர்டுக்குக் கொடுத்த தமிழர்கள்

தமிழர்கள் பெரிதாகக் கொடுக்கமாட்டார்கள் என்ற பேச்சை அண்மையில் ஒரு முயற்சி பொய்யாக்கியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொன்னது. அமெரிக்காவில் மருத்துவர்களாக இருக்கும் ஜானகிராமன், சம்பந்தம் இருவரும் 2015-ல் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலர் முதலில் தாங்கள் கொடுத்தார்கள். அதன் பிறகே மற்றவர்களிடம் கேட்டார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. கனடா, மலேசியா, சிங்கப்பூர், தமிழ்நாடு என்று பல இடங்களிலிருந்து பெரிதும் சிறிதுமாகத் தொகைகள் வந்தன. 2018-ல் இலக்கு நிறைந்தது.

உள்ளூரில் தமிழ்த் துறைகள் தவிக்கும்போது அவ்வளவு பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கு ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குக் கோபப்படுவதைவிட, கொடுத்தவர்கள் எதை நம்பிக் கொடுத்தார்கள் என்று பார்ப்பது நமக்குப் பயன்படும். அங்கே மூலதனத்தில் கை வைக்கமாட்டார்கள். அது தரும் வருவாயில் மட்டும் பேராசிரியர் சம்பளம் போகும். நோக்கத்தை மாற்ற முடியாது. இந்த மூன்றும் எழுத்தில் இருந்தன. கேட்டவர்களே முதலில் கொடுத்திருந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு தமிழ் ஆய்விருக்கைக்கு இதே நான்கையும் காட்ட முடிந்தால் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் கொடுக்கமாட்டார்களா? கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன். அவர்களைப் பெயர் பெயராகத் தேடி, வீடு வீடாகப் போய்க் கேட்க ஆள்தான் இல்லை.

கடல் கடந்து சிதம்பரத்துக்குக் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதும் கிடையாது. ஞானப்பிரகாசர் குளத்தை வெட்டியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த துறவி. நல்லூர் ஆறுமுக நாவலர் 1864-ல் சைவப்பிரகாச வித்தியாசாலையை இங்கே நிறுவினார். அவர் பெயரில் பள்ளி இன்றும் நடக்கிறது. கொடுத்தவர்களைப் போலவே கேட்டு வாங்கியவர்களும் இங்கே உண்டு. செல்வமும் சாதிச் செல்வாக்கும் இல்லாத சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பும் தங்க இடமும் கொடுத்தார். பிறகு சட்டமன்றத்தில் உட்கார்ந்தும் அதற்காகவே குரல் கொடுத்தார். 1959-ல் மறையும் வரை அவர் செய்தது கேட்பதும் கேட்டதைப் பள்ளியாக்குவதும்தான். பெருங்கொடை திரட்டுபவருக்குக் கோட்டும் ஆங்கிலமும் வேண்டும் என்று நினைப்பவர்கள் காவி உடுத்திய இந்த மனிதரின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

இந்த மாவட்டத்தின் தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலானவற்றில் நிறுவனரே நன்கொடையும் கேட்கிறார், கணக்கும் எழுதுகிறார், ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். நன்கொடை வேலைக்கென்று ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதை வீண் செலவு என்று நிர்வாகக் குழுவே தடுக்கிறது. நான்கைந்து சிறிய நிறுவனங்கள் சேர்ந்து ஒரே ஆளை வைத்துக்கொள்ளலாம்; அவருடைய சம்பளத்தையே முதல் பெருங்கொடையாகக் கேட்கலாம். பரங்கிப்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்கள், நெய்வேலியில் ஓய்வு பெற்ற அதிகாரிகள், பண்ருட்டி முந்திரி ஏற்றுமதியாளர்கள் என்று தேடிப் போக வேண்டிய வாசல்கள் இங்கேயே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். புயல் வந்த பிறகு கேட்டால் போர்வை கிடைக்கும். ஜூன், ஜூலையிலேயே போய் உட்கார்ந்தால் ஜெனரேட்டருக்கும் படகுக்கும் மூன்றாண்டுச் சம்பளத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம். போகும்போது போன ஆண்டுக் கணக்கையும் கையில் எடுத்துப் போக வேண்டும், அவர்கள் கேட்காவிட்டாலும்.